கம்பனி காரின் சாவியை வாங்குவதற்கு முன்னால்

கம்பனி வாகனம் ஓட்டுகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காப்புறுதிப் பாலிசியில் உங்கள் பெயர் இல்லை. இருப்பது கம்பனியின் பெயர். லீசிங்கில் எடுத்த வாகனம் என்றால் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயரும் இருக்கும், பெரிய விபத்தில் வருகிற பணம் முதலில் அவர்களிடம்தான் போகும். "ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கு, பயப்படாம ஓட்டுங்க" என்று சாவியைத் தரும்போது சொல்வார்கள், அது உண்மையும்தான், ஆனால் அது வாகனத்தைப் பற்றிய உண்மை. விபத்துக்குப் பிறகு உங்கள் சம்பளத்தில் கை வைப்பார்களா மாட்டார்களா என்பது பாலிசியில் எழுதியிருக்காது. உங்களுக்கும் கம்பனிக்கும் இடையில் என்ன கடிதம் இருக்கிறது, எதில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்பதுதான் அதைத் தீர்மானிக்கும்.

நான் கொழும்பில் ஒரு விநியோகக் கம்பனியின் விற்பனைப் பிரிவில் இருந்தேன். சின்னக் கார் ஒன்று தந்திருந்தார்கள். காலையில் கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு கடைகளைச் சுற்றிவிட்டு இரவில் வீட்டிலேயே நிறுத்தச் சொல்லியிருந்தார் மேலாளர், எல்லாம் வாய்ப்பேச்சில். ஒரு மழை நாள், மகரகமவில் கடைசிக் கடையை முடித்துக்கொண்டு ஹைலெவல் வீதியால் வந்து பேஸ்லைன் வீதியில் ஏறி, பொரளையைத் தாண்டித் தெமட்டகொடைப் பக்கம் வந்துகொண்டிருந்தேன். வாகன நெரிசல், ஊர்ந்துதான் போகிறது. இடது பக்கத்தால் முந்த வந்த ஒரு மோட்டார் சைக்கிள் முன்னால் இடம் இல்லாமல் என் கார் மூலையில் மோதி விழுந்தது. ஓட்டிவந்த தம்பிக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. கார் முன்பக்கம் ஃபெண்டர், ஹெட்லைட், இடது கதவு என்று போய்விட்டது.

அந்த நேரத்தில் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் வாகனத்தை ஓரமாக்கச் சொல்லிக் கத்துவார்கள். யாருக்காவது காயம் என்றால் பொலிஸ் வந்து பார்க்கும்வரை நகர்த்தாதீர்கள். முதலில் 1990 இற்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ், காசு கிடையாது. பிறகு 119. அப்புறம் காப்புறுதிக் கம்பனியின் இலக்கம், அது இன்ஷூரன்ஸ் கார்டிலேயே இருக்கும், ஆகவே அந்தக் கார்ட் ஒஃபிஸ் ஃபைலில் இல்லாமல் காரிலேயே இருக்க வேண்டும். அவர்களுடைய அசெசர், அதாவது சேதத்தை மதிப்பிடுகிறவர், மோட்டார் சைக்கிளில் வருவார், படம் எடுப்பார், உங்கள் லைசன்ஸையும் வாகனத்தின் ரெவனியூ லைசன்ஸையும் (வருடாந்த வரிப் பத்திரம்) பார்ப்பார், என்ன நடந்தது என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பார். நீங்களும் உங்கள் ஃபோனில் படம் எடுங்கள். இரண்டு வாகனமும் நிற்கிற நிலை, வீதிக்கோடு, பக்கத்தில் இருக்கிற கடைப்பெயர்ப் பலகை, எல்லாம் ஒரே படத்தில் விழுகிற மாதிரி தூரத்தில் இருந்து சில படங்கள். உடைந்த ஹெட்லைட்டைக் கிட்ட நின்று எடுத்த படம் யார் பக்கம் பிழை என்று சொல்லாது.

பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம். இதை எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்வதை அவர்கள் பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதுவார்கள், எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திருப்பிக் கையெழுத்துக் கேட்பார்கள். சிங்களம் பேசத் தெரிகிற எத்தனையோ பேருக்கு வாசிக்க வராது. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி, தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் அந்த நேரம் இல்லை என்றால் எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். நான் கேட்டபோது அந்த சார்ஜன்ட் முகம் சுளிக்கவே இல்லை, நிதானமாக வாசித்தார். வாசித்தபோது, நான் "நின்று நின்று போய்க்கொண்டிருந்தேன்" என்று சொன்னது "போய்க்கொண்டிருந்தேன்" என்று மட்டும் இருந்தது. சொன்னேன், திருத்தி எழுதினார். அந்த ஒரு சொல் பிறகு எவ்வளவு உதவியது என்பது எனக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் காலை ஒஃபிஸில் மேசை மேல் ஒரு கடிதம் தயாராக இருந்தது. ஆங்கிலத்தில், அரைப் பக்கம். என் கவனக்குறைவால் விபத்து நடந்ததை ஒப்புக்கொள்கிறேன், காப்புறுதியில் கிடைக்காத செலவு முழுவதையும் என் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன் என்பது அதன் சாரம்.

"சேர், இதை வாசிச்சிட்டு நாளைக்குத் தாறேனே."

"தம்பி, இது எல்லாருக்கும் போடுற ஃபோர்ம்தான், கையெழுத்து இல்லாம கிளெய்ம் அனுப்ப ஏலாது."

அது உண்மை இல்லை. கிளெய்ம் ஃபோர்ம் காப்புறுதிக் கம்பனியுடையது, அது வேறு. இது கம்பனி தனக்காக எழுதிய தாள். நான் அன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லை, அடுத்த நாளும் போடவில்லை. வெள்ளவத்தையில் காப்புறுதித் துறையில் வேலை செய்கிற ஒரு அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முதல் வரியிலேயே நிறுத்திவிட்டார். பொதுவாக எல்லா மோட்டார் பாலிசியிலும் ஒரு நிபந்தனை இருக்கும், காப்புறுதிக் கம்பனியின் சம்மதம் இல்லாமல் யாரிடமும் பிழையை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று. அந்த மோட்டார் சைக்கிள் தம்பி நாளைக்கு நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டால், என் கையெழுத்தோடு கம்பனி லெட்டர்ஹெட்டில் இருக்கிற இந்தக் கடிதம் கம்பனிக்கே எதிராக நிற்கும். எச்.ஆரில் யாரும் இதை யோசித்திருக்கவில்லை.

இரண்டாவது வரிக்கு அவர் சொன்னது இன்னும் முக்கியம். காப்புறுதியில் கிடைக்காத செலவு என்றால் என்ன? என் விஷயத்தில் மூன்று இருந்தன.

ஒன்று எக்சஸ். ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் இவ்வளவு ரூபாயை வாகனக்காரர்தான் போட வேண்டும் என்று பாலிசியில் இருக்கிற தொகை. வயது குறைந்த அல்லது லைசன்ஸ் எடுத்துக் கொஞ்சக் காலமே ஆன ஓட்டுநர் என்றால் அதற்கு மேல் கூடுதலாகவும் வைத்திருப்பார்கள். இரண்டாவது, நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்குக் கட்டணத்தில் தருகிற கழிவு, போவதால் அடுத்த வருடம் கட்டணம் கூடுகிற தொகை. மூன்றாவதுதான் பெரியது, ஆங்கிலத்தில் எவரேஜ் என்கிறார்கள், வாகனத்தின் இன்றைய சந்தை விலைக்குக் குறைவாகக் காப்புறுதி செய்திருந்தால் கிளெய்மையும் அதே விகிதத்தில் குறைத்துத் தருவது. கணக்கு இப்படி: கார் இன்றைக்கு 60 இலட்சம் பெறும், பாலிசியில் 36 இலட்சம்தான் போட்டிருக்கிறது என்று வையுங்கள். அப்படியென்றால் 60 வீதத்துக்குத்தான் காப்புறுதி. 5 இலட்சம் திருத்தச் செலவு என்றால் 3 இலட்சம் தருவார்கள், அதிலும் எக்சஸ் கழியும். மிச்சம் 2 இலட்சம் யார் தலையில்?

கொழும்பில் இது ஏன் இவ்வளவு பேருக்கு நடந்தது என்றால், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 தொடக்கத்தில். அந்த இடைப்பட்ட காலத்தில் பழைய காரின் விலை வருடா வருடம் ஏறியது. கட்டணம் கூடும் என்று பல கம்பனிகள் பாலிசியைப் பழைய பெறுமதியிலேயே புதுப்பித்துக்கொண்டு போயின. அந்த முடிவை எடுத்தது நிதிப் பிரிவு. பெறுமதி எவ்வளவு போடுவது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டார்கள். அவர்கள் கட்டணத்தில் மிச்சம் பிடித்ததன் விலையை விற்பனைப் பிரிவில் இருக்கிற ஒருவன் ஏன் கட்ட வேண்டும்? எனக்கு இப்போதும் இதை நினைத்தால் கோபம் வருகிறது, ஏனென்றால் எனக்கு முன்னால் அதே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு மாதா மாதம் சம்பளம் வெட்டுப்பட்டவர்கள் அந்த ஒஃபிஸிலேயே இருந்தார்கள், வீட்டு வாடகை கட்டிப் பிள்ளைகளைப் படிப்பிக்கிற ஆட்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒஃபிஸில் வேலை செய்கிற எங்களைப் போன்றவர்களுக்கு 1954 இன் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். சம்பளத்தில் எதைக் கழிக்கலாம் என்பதற்கு அதில் வரையறை இருக்கிறது. முதலாளி தானே நட்டத்தைக் கணக்குப் பார்த்து, தானே பிழையைத் தீர்மானித்து, தானே வெட்டிக்கொள்ள இடமில்லை. அதனால்தான் அந்தக் கடிதம் அவ்வளவு அவசரமாக வருகிறது, உங்கள் கையெழுத்து அங்கே சம்மதம் ஆகிவிடும். அநியாயம் நடந்தால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது, போய் முறைப்பாடு செய்யலாம், வக்கீல் தேவையில்லை. நான் அங்கே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கம்பனிக்குப் பதில் எழுதினேன்.

பதிலில் சண்டை எதுவும் இல்லை. பாலிசியின் பிரதி தாருங்கள், காப்புறுதிக் கம்பனி தீர்த்து அனுப்பிய கணக்கின் பிரதி தாருங்கள், என் நியமனக் கடிதத்தின் எந்தப் பிரிவின்படி இதைக் கேட்கிறீர்கள் என்று சொல்லுங்கள், இவ்வளவுதான். மின்னஞ்சலில், மேலாளருக்கும் எச்.ஆருக்கும் சேர்த்து. வாயால் கேட்டிருந்தால் வாயாலேயே பதில் வந்திருக்கும். இழுத்தடித்தார்கள், ஒருநாள் கூப்பிட்டு, அந்த நேரத்தில் பேஸ்லைன் வீதியில் உங்களுக்கு என்ன வேலை, சொந்த அலுவலா என்றும் கேட்டார்கள். மகரகமக் கடையின் இன்வொய்ஸில் நேரம் இருந்தது, காரை வீட்டில் நிறுத்தச் சொன்ன மேலாளரின் வட்ஸ்அப் செய்தியும் தற்செயலாக இருந்தது. அந்தச் செய்தி இல்லாவிட்டால் கதை வேறு பக்கம் போயிருக்கும். கடைசியில் எவரேஜையும் போனஸையும் கம்பனியே ஏற்றுக்கொண்டது, எக்சஸில் ஒரு பகுதியை நான் தருவதாக எழுத்தில் முடித்தோம், கவனக்குறைவு என்ற சொல் எங்கேயும் இல்லாமல்.

சொந்த அலுவலா என்று அவர்கள் கேட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வேலையின் போக்கில் ஊழியர் செய்கிற பிழைக்கு முதலாளி பொறுப்பு என்பது எங்கள் நாட்டுச் சட்டத்திலும் உண்டு. காயப்பட்டவர் கம்பனிக்கு எதிராக வழக்குப் போடலாம். வேலையை விட்டுவிட்டு நீங்கள் உங்கள் பாட்டுக்கு எங்கேயோ போயிருந்தால் கம்பனி கையைக் கழுவப் பார்க்கும். ஆனால் பலருக்குத் தெரியாத பக்கம் ஒன்று உண்டு, முதலாளி பொறுப்பு என்பதால் ஊழியரின் பொறுப்பு அழிந்துவிடாது. இரண்டு பேரையுமே வழக்கில் போடலாம்.

இங்கிலாந்தில் 1957 இல் தீர்ந்த ஒரு வழக்கை இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள், லிஸ்டர் எதிர் ரோம்ஃபோர்ட் ஐஸ் கம்பனி. லொறி ஓட்டிய மகன் பின்னால் எடுக்கும்போது, அதே லொறியில் உதவியாளாக வேலை செய்த சொந்தத் தகப்பன் மேலேயே மோதிவிட்டார். தகப்பனுக்குக் காப்புறுதிக் கம்பனி நட்டஈடு கொடுத்தது. கொடுத்துவிட்டு, முதலாளியின் இடத்தில் நின்று, அந்தப் பணத்தை மகனிடமே கேட்டு வழக்குப் போட்டது. அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் காப்புறுதிக் கம்பனி வென்றது. அந்தத் தீர்ப்பு அங்கேயே பெரிய அதிர்ச்சியாகி, பிறகு காப்புறுதிக் கம்பனிகள் தங்களுக்குள் பேசி, வேண்டுமென்றே செய்த குற்றம், கூட்டுச்சதி போன்றவை தவிர இப்படி ஊழியர் மேல் போவதில்லை என்று இணங்கிக்கொண்டன. எங்கள் நாட்டில் இந்த மாதிரி விஷயங்களுக்கு அடிப்படை ஒல்லாந்தர் காலத்தில் வந்த ரோமன் டச்சுச் சட்டம், இங்கிலாந்துச் சட்டம் அல்ல. ஆனாலும் அந்த வழக்கில் படிக்க ஒன்று இருக்கிறது, உங்களைக் காப்பது யாரோ ஒருவரின் நல்ல மனம் என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாலிசிகளில், வாகனக்காரரின் அனுமதியோடு ஓட்டுகிறவரையும் மூன்றாம் தரப்பு நட்டஈட்டில், அதாவது விபத்தில் பாதிக்கப்பட்ட மற்றவருக்குக் கொடுப்பதில், சேர்த்துக் காப்பதாக ஒரு பிரிவு இருக்கும். அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் நீங்கள் நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஓட்டியிருந்தால்தான் அது வேலை செய்யும்.

நிபந்தனை என்றதும் எல்லாருக்கும் குடிதான் ஞாபகம் வரும். இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டினால் பாலிசியில் ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள், சரி. ஆனால் நான் பார்த்த விற்பனைப் பிரிவு ஆட்கள் அதிகம் மாட்டுவது லைசன்ஸில். பொலிஸ் தண்டம் எழுதி லைசன்ஸை வாங்கிவிட்டால் தருகிற அந்தத் தாள்தான் 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதி. தண்டம் கட்டத் தபால் கந்தோருக்குப் போவதைத் தள்ளிப்போட்டு அந்த 14 நாள் கழிந்துவிட்டால், அதற்குப் பிறகு விபத்து நடந்தால் செல்லுபடியான லைசன்ஸ் இல்லாத ஓட்டுநர் நீங்கள். கார் லைசன்ஸ் மட்டும் இருக்கிறவருக்கு ஒருநாள் அவசரத்துக்கு கம்பனி லொறியை எடுக்கச் சொன்னாலும் இதே சிக்கல், உங்கள் லைசன்ஸில் அந்த வகுப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் ஏறாதீர்கள், மேலாளர் சொன்னார் என்பது காப்புறுதிக் கம்பனிக்குப் பதில் ஆகாது. வீட்டு ஆட்களுக்கு ஓட்டக் கொடுப்பதும் அப்படித்தான்.

பொலிஸ் போடுகிற வழக்கு, தண்டப்பணம் எதுவும் காப்புறுதிக்குள் வராது. கவனக்குறைவால் மரணம் நடந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை இருக்கிறது, புதுக்கடை நீதிமன்றத்தில் கூண்டில் ஏறுவது நீங்கள்தான், கம்பனி அல்ல. கம்பனி அனுப்புகிற சட்டத்தரணி நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் அவருடைய கட்சிக்காரர் கம்பனி, உங்களுக்கும் கம்பனிக்கும் கருத்து வேறுபாடு இருந்தால் தனியாக ஒருவரைப் பாருங்கள். 2024 ஜனவரியிலிருந்து கொழும்பில் சிசிடிவி கமராவைப் பார்த்தும் வழக்கு எழுதுகிறார்கள், அந்தக் கடிதம் பதிவு உரிமையாளருக்கு, அதாவது கம்பனிக்குப் போகும். ஒரே காரை மூன்று பேர் மாறி மாறி எடுக்கிற ஒஃபிஸ் என்றால் அன்றைக்கு ஓட்டியது யார் என்று சாவி எடுத்தவரின் பெயர் எழுதுகிற புத்தகம்தான் சொல்லும். புத்தகம் இல்லையென்றால் நீங்களாவது சாவி எடுத்த நேரம், கொடுத்த நேரத்தை மெசேஜில் போட்டு வையுங்கள்.

ஓட்டுகிற நீங்களே காயப்பட்டால் மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்களுக்கு அல்ல. ஊழியருக்கு இருப்பது 1934 இன் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம். 2022 இல் வந்த திருத்தத்தில் உச்சத்தொகையை 20 இலட்சமாக ஆக்கினார்கள், வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வருகிற பயண விபத்தும் உள்ளே வந்தது. கம்பனி இதற்குத் தனியாகக் காப்புறுதி எடுத்திருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கம் எதற்கு.

இந்த இடத்தில் அந்த மோட்டார் சைக்கிள் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தேசிய வைத்தியசாலையில் போய்ப் பார்த்தேன். வெல்லம்பிட்டியைச் சேர்ந்தவன், சாப்பாடு டெலிவரி செய்கிறவன், சொந்த மோட்டார் சைக்கிள், அதற்கு இருந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும். இடது பக்கத்தால் முந்தியதற்குப் பொலிஸ் வழக்குப் போட்டதும் அவன் மேல்தான். ஆகவே காலுக்கும் நட்டஈடு இல்லை, சைக்கிளுக்கும் நட்டஈடு இல்லை, மாதக்கணக்கில் வருமானமும் இல்லை. எனக்கு ஒரு முதலாளியாவது இருந்தார், எதிர்த்துக் கடிதம் எழுத ஒரு விலாசம் இருந்தது. சொந்த வாகனத்தை வேலைக்குப் பாவிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்: தனிப்பட்ட பாவனை என்று எடுத்த பாலிசி டெலிவரிக்கோ ஹயருக்கோ செல்லாமல் போகலாம், முகவரிடம் என்ன வேலைக்கு ஓட்டுகிறேன் என்று உண்மையைச் சொல்லி எடுக்க வேண்டும், அதோடு ஓட்டுகிறவருக்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதி ஒன்றும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

இப்போது வேறு இடத்தில் வேலை. இங்கும் கார் தந்தார்கள். சாவி வாங்குவதற்கு முன்பே ஒரு பக்கக் கடிதம் கேட்டேன், தந்தார்கள், முகம் கோணவில்லை. அதில் இருப்பது: இரவில் வீட்டில் நிறுத்தலாம், ஞாயிறு சொந்தத் தேவைக்கு எடுக்கலாம், வேலை நேரத்து விபத்தில் எக்சஸ் கம்பனியுடையது, குடி, லைசன்ஸ் இல்லாமை, வேண்டுமென்று செய்த சேதம் தவிர ஊழியரிடம் நட்டம் கேட்பதில்லை. பாலிசியைப் பார்த்தபோது வெள்ளத்துக்கும் கலவரத்துக்கும் தனித்தனியாக எடுத்திருந்தார்கள். 2016 மேயில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு, இரவில் வீட்டு வாசலில் கார் நிறுத்துகிறவருக்கு அது ஏன் தேவை என்று விளக்க வேண்டியதில்லை.

வேலையை விட்டுப் போகும்போதும் காரை வெறுமனே சாவியோடு விட்டுவிட்டுப் போகாதீர்கள். சுற்றிவரப் படம் எடுத்து, கிலோமீற்றரையும் எழுதி, பொறுப்பெடுக்கிறவரின் கையெழுத்தை வாங்குங்கள். பழைய கீறலுக்கெல்லாம் பணிக்கொடையில் பிடிப்போம் என்று மிரட்டுகிற இடங்கள் இருக்கின்றன. 1983 இன் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தில் சேதத்தின் அளவுக்குப் பணிக்கொடையை இழக்கச் செய்கிற பிரிவு உண்டு, ஆனால் அது மோசடி, கையாடல், வேண்டுமென்றே செய்த சேதம் போன்ற காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு. நீங்களாகவே வேலையை விட்டுப் போகும்போது பழைய கீறல் அதற்குள் வராது. அந்தப் பிரிவை அச்செடுத்துக்கொண்டு போய் எச்.ஆர். மேசையில் வைத்துப் பேசுங்கள்.